தீப்பெட்டியின் கொடிக்காரன்

"சரிங்கய்யா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் பழகின வாய், மூளையைக் கேட்டுக்கொண்டா பேசும்? டெலிபோனைக் கீழே வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்பது சன்னாசிக்கு உறைத்தது. கொடியை இறக்கச் சொல்கிறார் உதவிச் செயலாளர் தவநேசன். ஜனாதிபதி புறப்பட்டுவிட்டாராம். மணி மூன்று முப்பத்தைந்து. மொட்டைமாடியில் லிஃப்ட் மெஷின் அறைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் குந்தினால் இன்னொரு ஆளுக்கு இடமில்லாத தகரக் கொட்டகையில் சன்னாசி எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். எங்கே புறப்பட்டார்? கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தான். கறுப்புக் கார் தூண்களுக்கு முன்னால் கட்டட நிழலில் அப்படியே நின்றது. டிரைவர் அதன் மூக்கின்மேல் பேப்பரை விரித்துப்போட்டு லாட்டரி நம்பர் பார்த்துக்கொண்டிருந்தான். ஜனாதிபதி என்ன நடந்தா போயிருப்பார், இந்த வெயிலில், அந்த உடம்போடு? மாடியின் நடுவில் ஒரு வட்டத் திறப்பு உண்டு. அதன் வழியாக வெளிச்சம் உள்தோட்டத்தில் விழும், தோட்டத்தைப் பார்த்தபடி ஜனாதிபதியின் அறை. சன்னாசி அந்த வட்டத்தின் விளிம்பில் முழங்காலை ஊன்றிக் கழுத்தை நீட்டினான். மேசையின் ஒரு மூலை தெரிந்தது. மேசைக்கடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்ட இரண்டு கால்கள். ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறக் காலுறை, கட்டைவிரலில் ஒரு சின்ன ஓட்டை. நாட்டின் தலைவர் உள்ளேதான் இருக்கிறார், சுகமாக இருக்கிறார்.

இறக்க என்ன, அரை நிமிஷ வேலை. முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை விட்டால் கொடி தானாக வந்துவிடும். ஏற்றும்போதுதான் தோள்பட்டை வலிக்கும், இறக்க யாருக்கும் வலிக்காது. அப்படிச் சொல்லிக்கொண்டே கம்பத்தடிக்கு வந்து கயிற்றைத் தொட்டான். சூடாக இருந்தது. கீழே, புல்வெளிக்கு அப்பால், வேலியோரத்து மனுக் கூண்டின் முன்னால் வரிசை நின்றது. எண்ண வேண்டாம் என்று நினைத்தபடியே எண்ணினான். இருபத்துமூன்று பேர். இருபத்துமூன்றாவது ஆள் பேச்சாயி. நீலச் சேலை, தலையில் துண்டு, இடுப்பில் ஒரு கை. அப்படி நிற்பதை வைத்தே இரண்டு மைல் தூரத்திலும் தங்கச்சியைச் சொல்லிவிடலாம், தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு நின்ற காலத்திலிருந்தே அவள் அப்படித்தான். கொடி இறங்கினால் வாசல் காவலாளி மணியடிப்பான். மணியடித்தால் கூண்டுக்குள் இருக்கும் குமாஸ்தா அம்மா குசுமா நோனா முத்திரையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியாக வேண்டும், அது அவள் இஷ்டமில்லை, சட்டம். பூட்டினால் நாளைக்குத்தான். நாளைக்கு இந்த மனுக்களுக்கு மதிப்பில்லை. இன்றைய தேதியில் முத்திரை விழாத குடும்பம் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாத குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமும் இல்லை, அதன்மேல் ஒரு வீடும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், அடியில் இருப்பது இந்தக் கயிறு. சன்னாசி கையை எடுத்துவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

யார் வைத்த சட்டம் இது? கட்டடத்தைக் கட்டினவர்கள் வைத்தது. இதைக் கட்டின என்ஜினியருக்கு அப்போது முப்பத்தொரு வயசாம், எங்கோ குளிர்தேசத்தில் படித்துவிட்டு வந்தவராம், அரண்மனை மாதிரி ஒன்றைக் கட்டு என்று சொன்னதற்குப் பன்னிரண்டு தூண்களின்மேல் ஒரு நீளப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாராம். சனம் அன்றைக்கே தீப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டது. கோபுரமில்லை, வளைவில்லை, சிங்கத்தலை இல்லை. சிமென்டும் கண்ணாடியும்தான். கீழே தூண்களுக்கு நடுவே யாரும் நடந்து போகலாம், ஆட்டைக்கூட ஓட்டிக்கொண்டு போகலாம், ஜனாதிபதியின் தலைக்கடியில் சனம் நடக்கட்டும் என்றுதான் அப்படிக் கட்டினாராம். சுவரெல்லாம் கண்ணாடி, வேலை நடக்கிறதா என்று வெளியே நிற்கிறவன் பார்க்கட்டும் என்று. உச்சியில் ஒரு கொடி, ஐயா வேலைக்கு வந்தால் ஏறும், போனால் இறங்கும். முதலாளி கடையைத் திறந்தானா என்று தெருவில் போகிறவனுக்குத் தெரிய வேண்டாமா, அந்த மாதிரி. அப்புறம் என்ன, காலம் சும்மா இருக்குமா. முதலில் வேலி வந்தது. பிறகு கண்ணாடிக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டினார்கள். வெயிலை மறைக்க வைத்த சிமென்டுப் பலகைகளுக்கு இடையில் புறாவும் கேமராவும் குடியேறின. மாடியில் குளிர்ச்சிக்கென்று கட்டின தண்ணீர்த் தொட்டி ஒழுகி, மழைக்காலத்தில் மந்திரிமார் கூடுகிற அறையிலேயே பிளாஸ்டிக் வாளி வைக்கிறார்கள். எல்லாம் போய் மிச்சமிருப்பது கொடி ஒன்றுதான். வெளியே நிற்கிறவனிடம் இந்தக் கட்டடம் இன்னும் உண்மை பேசுவது கொடி வழியாகத்தான். பேசுகிறது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, என்று நினைத்ததும் சன்னாசிக்குப் பழைய காலை ஒன்று நினைவுக்கு வந்தது.

அதை நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்றால் மனசு கேட்குமா, வேண்டாம் என்ற பக்கம்தான் மேயும். ஏழு வருஷம் ஆகிறது, இவருக்கு முந்தின ஜனாதிபதி. காலை எட்டே காலுக்குக் கறுப்புக் கார் தூணோரம் வந்து நின்றது. மேலேயிருந்து பார்த்தால் காரின் கூரை தெரியும், தூண் பக்கமாக இறங்குகிற ஆள் தெரியாது. கார் வந்தால் ஐயா வந்ததாகத்தான் அர்த்தம், எத்தனை ஆயிரம் காலையில் அப்படி ஏற்றியிருக்கிறான். ஏற்றினான். கொடிப் புத்தகத்தில் எட்டு பதினேழு, ஜனாதிபதி வருகை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். ஒன்பது மணிக்குத் தேநீர் குடிக்கக் கீழே இறங்கினபோது சமையல்காரன் சொன்னான், கார் வந்தது ஐயா மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியை எடுக்க என்று. ஐயா ஊரிலேயே இல்லை. வெறுங்காருக்குக் கொடியேற்றியவன் உலகத்திலேயே சன்னாசி ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும். உடனே ஓடிப்போய் இறக்கியிருக்கலாம். இறக்கினால் ஏன் ஏற்றினாய் என்று கேட்பார்கள். கேட்டால் வேலை போகும். அப்படியே விட்டான். சாயங்காலம் நாலரை வரை கொடி காற்றில் பறந்தது, மூக்குக்கண்ணாடிக்காக. அதை நம்பி வெளியே ஒரு கிழவர் நின்றார், வறண்ட பக்கத்து நெல்லுக்காரர், குளத்து மதகு உடைந்தது சம்பந்தமாக. ஜனாதிபதியை நேரில் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று பகல் முழுக்க வெயிலில் நின்றவர், சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சன்னாசியின் யூனிபார்மைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். கொடி இருந்துச்சே தம்பி, பெறகு ஏன் அவரு வெளிய வரல்ல என்று கேட்டார், கோபமில்லாமல், நிஜமாகவே விளங்காமல். சன்னாசி பஸ் வருகிற பக்கம் பார்த்தபடி நின்றான். அவர் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டான். அந்தப் பழத்தைத் தின்றானா எறிந்தானா என்பது மட்டும் இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

ஆக, ஏற்கெனவே ஒரு பொய் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு? ஒன்றோடு இரண்டாக இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு வராதவரை வந்ததாக எழுதினாய், இன்றைக்கு இருக்கிறவரைப் போனதாக எழுது, கணக்கு நேராகிவிடும். மனசு இப்படியெல்லாம் வக்கீல் வேலை பார்க்கும்போது சன்னாசிக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. வேலைக்கு இன்னும் பதினான்கு மாசம் இருக்கிறது. பிறகு ஓய்வு. வேலை இருக்கும்வரைதான் குவார்ட்டஸ். இரண்டு அறை, குழாய், பெண்சாதி தங்கமலர் வாசலில் வைத்த கறிவேப்பிலை. மகள் தாதிப் பயிற்சியில் இரண்டாம் வருஷம், இங்கிருந்து ஒரு பஸ், வேறெங்கிருந்தாலும் மூன்று பஸ். தவநேசன் ஐயா நினைத்தால் நாளைக்கே துறைமுகக் கிடங்குக்கு மாற்றலாம். நல்ல மனுஷன்தான், கெட்டவரில்லை. மகளின் படிப்புக்குக் கடிதம் கொடுத்தவரே அவர்தான். அதுதான் சங்கடம், கெட்டவனாக இருந்தால் மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு லேசு. அவர் டெலிபோனில் சொன்னதில்கூட வன்மம் ஒன்றுமில்லை. நாலரைக்கு வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வருகிறார்கள், சனக்கூட்டம் முன்னால் நின்றால் பார்க்க நன்றாக இராது, கொடி இறங்கினால் தானாகக் கலைந்து போய்விடுவார்கள், நாளைக்கு வரட்டும் என்றார். நாளைக்கு என்ற சொல் அவருக்கு எவ்வளவு சுளுவாக வருகிறது. அவர்கள் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவர்கள் என்பதோ, இன்றைக்குத்தான் கடைசித் தேதி என்பதோ அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரியாது. சொல்லியிருக்கலாமே. சொல்வதற்குள்தான் வாய் முந்திக்கொண்டதே.

கீழே வரிசை நகர்ந்தது. பத்தொன்பது. கூண்டு திறந்ததே பகல் இரண்டு மணிக்கு மேல்தான், குசுமா நோனாவுக்கு ஒரு மனுவுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். பெயரைப் படிப்பாள், அடையாள அட்டையைப் பார்ப்பாள், கைரேகை வைக்கிறவர்களின் விரலைத் தானே பிடித்து மையில் அழுத்துவாள், பிறகு முத்திரை. கூண்டுக்கும் நாலு பக்கம் கண்ணாடிதான், அந்த என்ஜினியரின் கைவண்ணம், அவளுடைய கை மேலே போய்க் கீழே வருவது இங்கிருந்தே தெரியும். காலையில் ஏழு மணிக்கு அவர்கள் வந்து இறங்கியபோது சன்னாசி வாசலில் காத்திருந்தான். அறுபத்துமூன்று குடும்பத்துக்கு ஒவ்வொரு ஆள். தான் பிறந்த செம்பூவத்தைத் தோட்டத்துச் சனத்தை இத்தனை பேராக ஒன்றாகப் பார்த்துப் பத்து வருஷமாகியிருக்கும். யாரும் சொல்லாமலே வரிசை கட்டினார்கள், காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்கு நிற்கிற பழக்கம், நாலாம் லயம், ஐந்தாம் லயம், ஆறாம் லயம் என்று. அந்த வரிசை வீட்டு லயம் ஒன்றுமே இப்போது இல்லை. போன ஐப்பசி அடைமழையில் மலை வழுக்கி மூன்று லயத்தையும் மூடிவிட்டது. பகலில் நடந்ததால் சனம் கொழுந்து மலையில் இருந்தது, தப்பியது. அன்றிலிருந்து, ஏற்கெனவே மூடிக்கிடந்த தேயிலை பேக்டரியின் மேல்மாடியில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு குடியிருக்கிறார்கள். லயம் போன பிறகும் லயத்து நம்பர்ப்படி நிற்கிறார்களே என்று சன்னாசிக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு வேடிக்கையாக இல்லை. பேச்சாயி ஆறாம் லயத்தில் பன்னிரண்டாவது காம்பரா, கடைசி அறை. சரி, ஆனாலும் பிள்ளைக்காரியையும் கிழவிகளையும் முன்னால் விட்டுவிட்டு, இருந்த இடத்தைவிட இன்னும் பின்னால் போய் நின்றாளே, அது யாரால்?

அது அவனால்தான். அங்கேதான் நினைப்பு போய்ப்போய் முட்டியது. காலையில் பெரிய மனுஷன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான், கொடி மேலே இருக்கிறவரை ஜன்னல் மூடாது, கொடி என் கையில் இருக்கிறது, முண்டியடிக்காதீர்கள், ஜனாதிபதி சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் மேசையைவிட்டு எழுந்திருக்க மாட்டார் என்று. சொல்லும்போது யூனிபார்மின் பித்தளைப் பொத்தானைத் தடவிக்கொண்டான் என்பது இப்போது ஞாபகம் வந்து காது சுட்டது. பத்தொன்பது வயசில் என்ஜினியர் வீட்டு எடுபிடியாகத் தலைநகருக்கு வந்தவன், புல்வெட்டினவன், கழிவறை கழுவினவன், கடைசியில் கொடிக் கயிறு பிடித்தவன். ஊர்ச் சனத்துக்கு முன்னால் ஒரு நாள் பெருமையடித்துக்கொள்ள ஆசைப்பட்டான். அதைக் கேட்டுவிட்டுப் பேச்சாயி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"எங்கண்ணன் மேல நிக்கிறப்ப எனக்கு என்னா அவசரம். நீங்க முன்னுக்குப் போங்க."

கொடிக்காரனின் தங்கச்சி என்கிற மிதப்பில் கடைசிக்குப் போய்விட்டாள் பைத்தியக்காரி. அண்ணன் தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. சன்னாசி கம்பத்தில் சாய்ந்தான். சிமென்டின் சூடு செருப்பைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறியது. தலைக்குமேல் கொடி படபடவென்று அடித்தது, காற்று கடல் பக்கமிருந்து வருகிற நேரம். கயிறு மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டால்? கப்பியில் துரு, சுற்றவில்லை ஐயா, எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று முக்கால் மணி நேரம் ஓட்டிவிடலாம். நல்ல யோசனைதான். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் தவநேசன் நம்பிவிடுவார், அனுதாபப்படுவார், ஃபோர்மனை அனுப்புவார், அவன் ஐந்து நிமிஷத்தில் கப்பியைச் சுற்றிக் காட்டிவிடுவான். அதைவிட, எத்தனை தரம்தான் இந்தக் கொடி பேரில் பொய் சொல்வது. கிழவர் வாழைப்பழத்தை நீட்டுகிறார். பெறகு ஏன் அவரு வெளிய வரல்ல தம்பி. அந்த மதகு கட்டப்பட்டதா இல்லையா என்றுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. சன்னாசிக்கு வெட்கமாக இருந்தது, ஏழு வருஷத்து வெட்கம், வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லாதது, தங்கமலரிடம்கூட. புத்தகத்தைத் திறந்தான். இன்றைய தேதி, ஏற்றம் எட்டு முப்பத்தொன்று, கையெழுத்து. பக்கத்தில் இறக்கத்துக்கு வெற்றுக் கட்டம். ஜனாதிபதி புறப்பட்ட நேரம் என்று அச்சடித்திருந்தது. பேனாவை எடுத்தான், மூன்று முப்பத்தைந்து என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தான். கண்ணுக்குள் ஓட்டைக் காலுறையோடு ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்தது. பேனாவை மூடி வைத்தான்.

டெலிபோன் அடித்தது. மூன்று ஐம்பத்திரண்டு. வரிசையில் பதினான்கு பேர். எடுக்காமல் இருக்கலாமா என்று நினைத்தான், நாலாவது மணிக்கு எடுத்தான். இன்னும் ஏன் இறங்கவில்லை என்று தவநேசன் கேட்டார், குரல் உயரவில்லை, களைத்திருந்தது. சன்னாசி வாயை இந்தத் தடவை பல்லால் பிடித்து வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாக விட்டான்.

"அய்யா உள்ளதான் இருக்காருங்கய்யா. அவரு எறங்கட்டும், நான் எறக்குறேன்."

 அந்தப் பக்கம் எங்கோ தட்டச்சு ஓடியது. நீர் எப்படிக் கண்டீர் என்று தவநேசன் கேட்டார். காலைக் கண்டேன் என்று சொல்ல முடியுமா? கார் நிற்கிறது என்றான். கார் விஷயத்தில் தான் ஒருமுறை ஏமாந்தவன் என்பது உடனே நினைவுக்கு வந்து, காரை மட்டும் பார்க்கவில்லை, ஆளையும் பார்த்தேன் என்று சேர்த்துக்கொண்டான். பிறகு, முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்தில் மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களிடம் மட்டும் சொல்லிவந்த ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்தே வந்தது. எழுத்தில் கொடுங்கள் ஐயா. ஜனாதிபதி புறப்பட்டார், கொடியை இறக்கு என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், உடனே இறக்குகிறேன்.  தவநேசன், எழுத்திலயோ என்று மட்டும் கேட்டார். டெலிபோன் வைக்கப்பட்டது.

பிறகுதான் நிஜமான பயம் வந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். புறா ஒன்று தகரத்தில் நடந்தாலும் திரும்பிப் பார்த்தான். கொடிக் கயிற்றைக் கொடிக்காரனைத் தவிர வேறு ஆள் தொடக்கூடாது, தொட வேண்டுமானால் நியமன உத்தரவு வேண்டும், அதுவும் எழுத்தில். சட்டத்தைச் செய்தவன் எதற்குச் செய்தானோ, இன்றைக்கு அது சன்னாசிக்குக் குடை பிடித்தது. யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் அது ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், பத்து வருஷம் கழித்து எழுந்து வந்து பெயரைச் சொல்லும். இந்தப் பெட்டிக்குள் யாரும் சிங்கம் புலிக்குப் பயப்படுவதில்லை, காகிதத்துக்குத்தான் பயம். பன்னிரண்டு பேர். தங்கமலரிடம் எப்படிச் சொல்வது? மூட்டை கட்டு என்று சொல்ல வேண்டியதுதான். கறிவேப்பிலையைத் தொட்டியோடு தூக்கிக்கொள்ளலாம். பத்துப் பேர். அவள் முதலில் திட்டுவாள், இரண்டு நாள் பேசமாட்டாள், பிறகு அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் தன் புருஷன் செய்ததைத் தானே செய்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாள். நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசாயிற்று. ஒன்பது. காற்று திரும்பியது, வேர்த்த முதுகில் சட்டை குளிர்ந்தது. என்ன இது, பயந்துகொண்டே இருக்கும்போது இப்படி நன்றாகவும் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டான். இத்தனை வருஷம் கொடியேற்றியதில் இன்றைக்குத்தான் அது வேலை மாதிரி இருந்தது. கீழே யாரோ ஒரு பிள்ளைக்காரி முத்திரை விழுந்த காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பக்கத்தில் நின்றவள் அதை வாங்கித் தானும் பார்த்தாள். முத்திரை வாங்கினவர்கள் யாரும் போகவில்லை, வேலியோரத்துப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். சன்னாசிக்கு அவர்கள்மேல் அப்படியொரு பிரியம் வந்தது. ஏழு. ஆறு.

நாலு எட்டுக்கு மறுபடி மணி. தவநேசன்தான். இந்தத் தடவை குரல் அலுவலகக் குரல். உத்தரவுக்குக் கீழ்ப்படியாததற்கு அறிக்கை எழுதப்போகிறார், விவரம் வேண்டும். சன்னாசி டெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தான், கூண்டு தெரிகிற இடமாகப் பார்த்து நின்றான். முழுப்பெயர் கேட்டார். சன்னாசி. தகப்பன் பெயர். கருப்பண்ணன். ஊழியர் இலக்கம். அதைச் சொல்லிவிட்டு, சரியாகக் கேட்டதா என்று இன்னொரு தரமும் சொன்னான். ஐந்து. முகவரி என்றார் தவநேசன். இப்போது இருக்கிறதா, பிறந்த இடமா என்று சன்னாசி கேட்டான், மரியாதையாகத்தான் கேட்டான். இரண்டையும் சொல்லித் தொலையும் என்றார். குவார்ட்டஸ் முகவரியைத் தெரு, வட்டாரம், கதவு நம்பர் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நாலு. பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் டெலிபோனில் கேட்டது. பிறகு மற்றதைச் சொன்னான்.

"செம்பூவத்தை தோட்டம், கீழ்ப்பிரிவு, ஆறாம் நம்பர் லயம், பன்னெண்டாவது காம்பராங்கய்யா. இப்ப அது இல்ல. மண்ணுக்குள்ள இருக்கு."

பேனாச் சத்தம் நின்றது.  மூன்று. வெகுதூரத்தில், கடலோரச் சாலையில், வெளிநாட்டுக்காரர்களின் வண்டிகளுக்கு வழிவிடச் சொல்லும் விசில் கேட்க ஆரம்பித்தது. தவநேசன் எழுந்து ஜன்னலுக்குப் போயிருக்க வேண்டும், நாற்காலி தேய்ந்தது, திரையின் வளையங்கள் ஓடின. அவருடைய ஜன்னலிலும் கறுப்புத்தாள்தான், திரையை விலக்கினாலும் மங்கலாகத்தான் தெரியும். இருந்தாலும் தெரியும்.

"வெளியில நிக்கிறது அந்த ஆக்களோ?"

"ஆமாங்கய்யா. இன்னைக்கு முத்திரை விழல்லன்னா எடமில்ல."

அதை முதல் டெலிபோனிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காதோ என்று சன்னாசிக்குத் தோன்றியது. வந்தும் இருக்கலாம். யார் கண்டது. இரண்டு. வரிசையில் பேச்சாயிக்கு முன்னால் நின்றவள் கூண்டுக்குள் கையை நீட்டி விரலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள், குசுமா நோனா அவசரமே இல்லாமல் அந்த விரலை மையில் உருட்டினாள். விசில் சத்தம் இன்னொரு சந்தியைத் தாண்டி வந்தது.   இன்னும் எத்தனை பேர் என்று தவநேசன் கேட்டார்.

"ஒருத்திதாங்கய்யா. என் தங்கச்சி."

நாற்காலி மறுபடி தேய்ந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, காகிதத்தை நேராக வைக்கிற சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"அறிக்கை எழுதாமல் விட ஏலாது சன்னாசி. பிறந்த திகதி சொல்லும். மெதுவாச் சொல்லும், எனக்குக் கை வலிக்குது."

சன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறந்த வருஷத்தை முதலில் சொன்னான், பிறகு மாசம், பிறகு தேதி, பிறகு அம்மா சொல்லிய கிழமை, அன்றைக்குத் தோட்டத்தில் சம்பள நாள், மழை பெய்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை என்பதுவரை. தவநேசன் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே பேச்சாயி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை இரண்டு கையாலும் உள்ளே நீட்டினாள். கண்ணாடிக்குள் குசுமா நோனாவின் கை முத்திரையோடு உயர்ந்தது, ஒரு கணம் நின்றது, இறங்கியது.